கட்டியங்காரனை வகுப்புக்குள் விடுங்கள்: கூத்தைப் பள்ளிக்குக் கொண்டுவர நினைக்கும் புதிய ஆசிரியருக்கு

செய்யாறு, வந்தவாசி, காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கு மாறுதலில் போனவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே பிடிபட்டுவிடும். பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடந்துகொண்டே இருக்கும். பகலில் பிரசங்கியார் கதை சொல்வார், இரவில் கூத்து. மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் தூங்கி வழிவார்கள். நான் முதல் வருடம் அதற்காகப் பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்.

அதே வருடம் ஆண்டு விழாவுக்கு 'நம் பாரம்பரியக் கலை' என்று பத்து நிமிடக் கூத்து ஒன்றையும் போட்டேன். வசனம் நான் எழுதியது. உடை வாடகைக்கு. இசை கைபேசியிலிருந்து. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அன்றைக்கு நாற்காலி தூக்கிப் போட்ட ஏழாம் வகுப்புப் பையனின் தாத்தா ஒரு கூத்து ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், மிருதங்கம் வாசிப்பவர் என்று. பையனுக்கும் வாசிக்க வரும். ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க கேக்கல சார்" என்றான்.

அந்தத் தப்பிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள், வாரத்துக்கு ஒரு பாடவேளை, ஜூன் முதல் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு வரை. இவ்வளவுதான் கணக்கு. பிள்ளைகளைக் கூத்துக் கலைஞர்கள் ஆக்குவது நோக்கமில்லை. தங்கள் ஊரில் இருப்பதை அவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டும், அதன் வழியாகத் தாங்கள் சொல்ல நினைப்பதைச் சொல்ல வேண்டும்.

கூத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

நிறைய வேண்டாம். இரவு முழுக்க நடப்பது. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம் வைத்துக்கொண்டு வாத்தியக்காரர்கள் பின்னால் இருப்பார்கள். அவர்களும் பின்பாட்டுக்காரர்களும் பாட்டை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ராஜ வேஷங்களுக்குத் தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம். எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு ஒட்டிய இந்த அணிகலன்களுக்குக் கட்டை என்று பெயர். கட்டைக்கூத்து என்ற பெயர் இதிலிருந்து வந்தது. தெருக்கூத்தா கட்டைக்கூத்தா என்பதில் கலைஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஊர்க் கலைஞர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே சொல்லுங்கள்.

இன்னொன்று, இந்தக் கலை ஊரின் நல்லது கெட்டதோடு கட்டுண்டது. அர்ச்சுனன் தபசு அன்று உயரமான தபசு மரத்தில் ஏறும் அர்ச்சுனன் மேலிருந்து போடும் பழத்துக்காகக் குழந்தையில்லாத பெண்கள் கீழே காத்திருப்பார்கள். கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சக் கூத்தைக் கருமாதிக்கு வைப்பார்கள். கடைசி நாள், பாரதப் போர்க்களமாகக் கருதும் படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் படுத்திருப்பான். திரௌபதி கூந்தல் முடிந்த பிறகு தீமிதி. நாம் பாடப்புத்தகத்தில் 'நாட்டுப்புறக் கலைகள்' என்று ஒரே வரியில் கடப்பது, இங்கே ஒரு வீட்டின் சாவும் இன்னொரு வீட்டின் வேண்டுதலும்.

கலைஞர்களைத் தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியிருக்காது. புரிசை கிராமம் இந்தப் பக்கம்தான். அங்கே கண்ணப்பத் தம்பிரான் குடும்பம் தலைமுறைகளாகக் கூத்தாடி வருகிறது. புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலையில் அது சின்ன விஷயமில்லை. 'பொம்பளப் புள்ளைங்க கூத்தாடறதா' என்று யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லலாம்.

முதல் படி: கேட்டு எழுதுவது (ஜூன், ஜூலை)

"உங்கள் ஊரில் என்னென்ன கலைகள் இருக்கின்றன?" என்று கேட்காதீர்கள். "ஒண்ணுமில்ல சார்" என்ற பதில்தான் வரும். கலை என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியில் வருவதுதான் ஞாபகத்துக்கு வருகிறது. கேள்வியைத் தரைக்கு இறக்குங்கள்:

- கடைசியாக எப்போது ராத்திரி முழுக்கத் தூங்காமல் விழித்திருந்தாய்? எதற்கு?
- உன் வீட்டில் யாருக்காவது பாட வருமா? எந்த வேலை செய்யும்போது பாடுவார்கள்?
- உங்கள் தெருவில் சாவு விழுந்தால் யார் வந்து வாசிப்பார்கள்? அவர்கள் எந்த ஊர்?
- உன் ஆயா சின்ன வயதில் பார்த்து, இப்போது நின்றுபோனது என்ன?

கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு அதிகம் பக்கங்கள் வந்தன. ஒரு பெண் நடவுப் பாட்டை எழுதிக்கொண்டு வந்தாள். நடுவில் இரண்டு வரியை அவள் ஆயா சொல்ல மறுத்துவிட்டாராம், 'பள்ளிக்கூடத்துல அதெல்லாம் கூடாது' என்று. அந்த இரண்டு வரிக்கு நோட்டில் இடம் விட்டு வைத்திருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்றேன்.

ஒரு நோட்டு, இரண்டு வாரம் போதும். எழுத்துப் பிழை திருத்தாதீர்கள். 'இன்னா', 'வந்துக்கினு', 'இஸ்துக்கினு' எல்லாம் அப்படியே வரட்டும். இது வினாத்தாள் இல்லை. தன் வீட்டுப் பேச்சு நோட்டில் ஏறலாம் என்று தெரிந்தால்தான் மீதிக் கதையும் வெளியே வரும்.

இரண்டாம் படி: சாதியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

புதிய ஆசிரியர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிடுகிறார்கள். மேலே உள்ள மூன்றாவது கேள்வியின் விடையைச் சத்தமாக வாசிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பறை அடிக்கும் வீட்டுப் பிள்ளை அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருப்பான். அவனை எழுப்பி, "உங்கப்பா வாசிப்பாராமே, வாசித்துக் காட்டு" என்பது பாராட்டு போலத் தெரியும். அவனுக்கு அது அப்படி இருக்காது.

நான் கடைப்பிடிப்பது இதுதான். அந்தக் கேள்விக்கான பதிலை என்னைத் தவிர யாரும் படிக்க மாட்டார்கள் என்று முன்பே சொல்லிவிடுவேன். குடும்பத்தில் கலைஞர் இருந்தால் பிள்ளையிடம் தனியாகக் கேட்பேன், 'வகுப்பில் சொல்லட்டுமா?' என்று. வேண்டாம் என்றால் அதோடு சரி. வாத்தியங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பேன். பறை எல்லார் கைக்கும் போகும், முறை வைத்து. ஒரு பெற்றோர் வந்து, 'எம்புள்ள அதத் தொடக்கூடாது' என்று சொன்னதுண்டு. தலைமை ஆசிரியரிடம் முன்பே பேசி வைத்திருந்ததால் சமாளித்தேன். நீங்களும் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிரச்சினை வந்த பிறகு பேசினால் உங்களைத்தான் நிறுத்தச் சொல்வார்கள்.

கூத்து கோயிலோடு சேர்ந்தது என்பதால் வேற்று மதத்துப் பிள்ளைகள் தயங்கலாம். பாரதக் கதைக்குள் வர விருப்பமில்லாதவர்களைத் தாளத்துக்கும் திரைக்கும் கட்டியங்காரனுக்கும் அனுப்புங்கள். கட்டியங்காரன் கூத்தின் கோமாளி. அவனுக்கு எந்த மதமும் கிடையாது, அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாம் படி: கூத்து வாத்தியாரைப் போய்ப் பாருங்கள்

தொலைபேசியில் கூப்பிடாதீர்கள். வீட்டுக்குப் போங்கள். சீசனில் காலை பத்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டாதீர்கள், விடிய விடிய ஆடிவிட்டு அப்போதுதான் படுத்திருப்பார். சாயங்காலம் போங்கள். ஜமாவை நடத்துபவரை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் 'வாத்தியாரே, பள்ளிக்கூடத்துலேர்ந்து வர்றேன்' என்றதும், 'அப்ப நீங்களும் வாத்தியாரு, நானும் வாத்தியாரு, யாரு யாருக்குப் பாடம்?' என்றார். அந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதிலில்லை.

பேச வேண்டியவை மூன்று. ஒன்று, பணம். 'குழந்தைகளுக்காக' என்று சொல்லி இலவசமாகக் கேட்காதீர்கள். ஒரு ராத்திரி கூத்தாடினால் அவருக்குப் பங்காக என்ன கிடைக்குமோ அதற்குக் குறையாமல், போக்குவரத்தும் சேர்த்து, அன்றைக்கே கையில் கொடுங்கள். பள்ளி நிதியில் வழி இல்லையென்றால் ஊரில் நாலு பேரிடம் கேட்டு வாங்கலாம். கோயில் பாரதத்துக்கே வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலித்துத்தானே நடத்துகிறார்கள். இரண்டு, தேதி. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் கூத்து குறைவு. அவருக்கு நேரம் இருக்கும், வருமானமும் தேவைப்படும். அரையாண்டுத் தேர்வுக்கும் இடைவெளி கிடைக்கும். மூன்று, அவர் என்ன செய்ய வேண்டும் என்பது. 'ஒரு மணி நேரம் ஆடிக் காட்டுங்கள்' என்று சொன்னால் ஆடிக் காட்டிவிட்டுப் போய்விடுவார். பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், அப்புறம் ஆட்ட அடவு இரண்டு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள். நான்கு முறை வந்தால் போதும்.

கேள்விகளைப் பிள்ளைகளே தயார் செய்யட்டும். என் வகுப்பு கேட்டதில் சில: ராத்திரி நடுவில் ஒண்ணுக்கு வந்தால் வேஷத்தோடு எப்படிப் போவீர்கள்? யாருக்கு எந்த நிற முகம், அதை யார் முடிவு செய்தது? துரியோதனன் வேஷம் கட்டுபவரை ஊரில் யாராவது திட்டுவார்களா? பெண் வேஷம் கட்டினால் வீட்டில் என்ன சொன்னார்கள்? இதில் ஒன்றுகூட என் மூளையில் உதிக்கவில்லை.

நான்காம் படி: வகுப்பில் செய்வது

முதல் இரண்டு பாடவேளை தாளத்துக்கு. மேசையில் தட்டுவது வேண்டாம், எழுந்து நின்று காலில். கூத்தில் ஆட்டம் பாதத்தில் தொடங்குகிறது. வட்டமாக நிற்கவைத்து, ஒரே தாளத்தை மெதுவாக, பிறகு வேகமாக. வேகம் கூடிச் சுழலும் கிறிக்கிக்கு எல்லாரும் ஆசைப்படுவார்கள். சிமெண்டுத் தரையில் வேண்டாம், மண் தரைக்குக் கூட்டிப் போங்கள்.

மூன்றாவது பாடவேளை திரை. ஒரு பழைய வேட்டி, இரண்டு பக்கமும் பிடிக்க இரண்டு பேர். கூத்தில் வேஷம் நேராக வந்து நின்றுவிடாது. திரைக்குப் பின்னால் பாட்டு, திரைக்கு மேலே கிரீடம் கொஞ்சம், கீழே சலங்கைக் கால் கொஞ்சம், அப்புறம்தான் முகம். இந்த ஒரு உத்தி வகுப்பில் செய்கிற மாயத்தைப் பார்க்க வேண்டும். நேராக எழுந்து நின்று பேசச் சொன்னால் வாய் திறக்காத பெண், திரைக்குப் பின்னால் நின்று முதலில் குரலை மட்டும் அனுப்புவாள். அடுத்த வாரம் கால் தெரியும். அவசரப்படுத்தாதீர்கள், திரையை எப்போது விலக்குவது என்று அவளே சொல்லட்டும்.

அணிகலன் செய்வதற்கு ஓவிய ஆசிரியர் இருந்தால் அவரோடு சேருங்கள். அட்டைப்பெட்டி, கோந்து, மிட்டாய் சுற்றி வரும் ஜிகினாத் தாள், பழைய வளையல் துண்டு போதும். வளையல் துண்டை நீங்களே ஒட்டுங்கள், கையைக் கிழிக்கும். கிரீடத்தைவிடப் புஜகீர்த்தி செய்வது சுலபம். தோளில் ஏறியதும் பிள்ளைகளின் நடையே மாறிவிடும்.

அப்புறம் கட்டியங்காரன். நான் வந்து சேர நினைத்த இடம் இதுதான்.

கூத்து தெரிந்தவர்களுக்கு அவனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராஜா வருவதற்கு முன்பே வந்துவிடுவான். வருகிற வேஷத்தைப் பார்த்து, 'நீர் யார்?' என்று கேட்பான். ராஜா செய்யுளில் பேசினால் இவன் அதை ஊர்ப் பேச்சில் உடைத்துப் போடுவான். சபையில் கைகட்டி நிற்பான், ஆனால் ராஜாவையே கிண்டலும் செய்வான். உள்ளூர்ச் செய்தி, ஊர்ப் பெரியவர், விலைவாசி, எல்லாம் அவன் வாயில் வரும். எழுதிவைத்த வசனம் அவனுக்குக் குறைவு. அன்றைய ராத்திரிக்கு அன்றைக்கே பேசுவது அவன் வேலை.

பண்பாட்டைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு நாம் வழக்கமாக ராஜாவின் வசனத்தைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறோம். ஒப்படைக்க வேண்டியது கட்டியங்காரனின் உரிமையை. அதனால் என் வகுப்பில் முதல் சில வாரம் ராஜாவே கிடையாது. எல்லோரும் கட்டியங்காரர்கள்தான். இரண்டு இரண்டு பேராக: ஒருவர் வந்து தான் யாரென்று பெருமையாகச் சொல்ல வேண்டும், மற்றவர் கேள்வி கேட்டு மடக்க வேண்டும். வருகிறவர் தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம், டவுன் பஸ்ஸாக இருக்கலாம், கணக்குப் பாடமாக இருக்கலாம். என் பிள்ளைகளில் ஒருத்தி காலாண்டுத் தேர்வாக வந்தாள். 'நீர் எத்தனை பேரைக் கொன்றீர்?' என்று எதிராளி கேட்டதும் வகுப்பு கலகலத்துப் போனது.

விதி இரண்டுதான். உடல், நிறம், சாதி, வீடு இவற்றைக் கிண்டல் செய்யக்கூடாது. தன்னைவிடச் சின்னவரை, வகுப்பில் ஏற்கெனவே ஒதுங்கி நிற்பவரைக் கிண்டல் செய்யக்கூடாது. கட்டியங்காரன் கேலி மேல்நோக்கித்தான் போகும். 'அப்ப உங்களப் பண்ணலாமா சார்?' என்று கட்டாயம் கேட்பார்கள். பண்ணலாம் என்று சொல்ல மனமில்லாவிட்டால் இந்தப் பயிற்சியை ஆரம்பிக்காதீர்கள். என் நடையையும், 'சரி சரி உட்காரு' என்று நான் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வதையும் அப்படியே செய்து காட்டினார்கள். இரண்டு நாள் மனசுக்கு என்னவோ போல் இருந்தது.

பிறகு ஒரு பாரதக் காட்சி. சபையில் திரௌபதி கேட்கும் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: தன்னையே முதலில் தோற்றுவிட்ட தருமருக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? துகிலுரியும் கட்டத்துக்குப் போகவே வேண்டாம், இந்த வயதுக்கு அது தேவையில்லை. கேள்வியோடு நிறுத்துங்கள். சபையில் பீஷ்மர், துரோணர், விதுரர் என்று ஆளுக்கொரு இடத்தில் பிள்ளைகளை உட்காரவையுங்கள். கட்டியங்காரன் ஒவ்வொருவராகப் போய், 'ஐயா, அந்தம்மா கேக்குறதுக்கு இன்னா பதிலு?' என்று கேட்கட்டும். பதில் சொல்லாமல் நழுவுவது எப்படி என்று பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. 'எனக்கு உடம்பு சரியில்லை', 'பெரியவர் இருக்கிறார், அவரைக் கேள்', 'இது குடும்ப விவகாரம்'. கடைசியாகச் சொன்னவன் அதை எங்கிருந்து எடுத்தான் என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் ஐந்து நிமிடம் சும்மா எழுதச் சொன்னேன்: நீ கேள்வி கேட்டு யாரும் பதில் சொல்லாத நாள் எது? விரும்பினால் மட்டும் என்னிடம் கொடுக்கலாம். எல்லோரும் கொடுக்கவில்லை, கொடுத்ததில் இரண்டுக்கு நான் வீட்டுக்கே போய்ப் பேச வேண்டியிருந்தது. இப்படி ஏதாவது வெளிவந்தால் என்ன செய்வது என்று முன்பே தலைமை ஆசிரியரோடு யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 உங்களிடம் இருக்கட்டும்.

ஐந்தாம் படி: ஆடிக் காட்டுவது

மேடை வேண்டாம். வேப்பமரத்தடி, மூன்று பக்கம் பார்வையாளர், ஒரு பக்கம் வாத்தியம். சாயங்காலம் நான்கு மணி, அரை மணி நேரம். ஒலிபெருக்கி இல்லாமல் பாடினால் குரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதையும் கற்றுக்கொள்வார்கள். கூத்து வாத்தியாரைச் சிறப்பு விருந்தினராக உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவதைவிட, மிருதங்கத்துக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னால் அவருக்குச் சந்தோஷம்.

இரவு முழுக்க நடப்பதை அரை மணிக்குச் சுருக்கலாமா என்று யாராவது கேட்பார்கள். இலங்கையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு சுருக்கி மேடையேற்றியபோதும் இதே விவாதம்தான். என் கருத்து: நேரத்தைச் சுருக்கலாம், திரை வருகையையும் கட்டியங்காரனையும் சுருக்கக்கூடாது.

2022-23இல் தொடங்கிய, பள்ளியிலிருந்து மாநிலம் வரை போட்டியாகப் போகும் தமிழ்நாடு அரசின் கலைத் திருவிழாவுக்கு இதை அனுப்பலாமா? அனுப்பலாம், ஆனால் பிறகு. போட்டி என்றதும் நாமே வசனத்தைத் திருத்த ஆரம்பிப்போம், நன்றாக ஆடுகிற நாலு பேரை மட்டும் வைத்துக்கொள்வோம். முதலில் எல்லோரும் மரத்தடியில் ஆடட்டும்.

மதிப்பெண் போடாதீர்கள். தலைமை ஆசிரியர் ஏதாவது காட்டச் சொன்னால், ஜூனில் எழுதிய நோட்டையும் நவம்பரில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

வேறு பக்கத்துப் பள்ளியாக இருந்தால்

கூத்தைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கம் வில்லுப்பாட்டு இருக்கிறது. அங்கே 'ஆமா' போடும் பக்கப்பாட்டுக்காரர்தான் உங்கள் ஆள். தோற்பாவைக்கூத்து ஆடுபவர்கள் இருக்கும் இடத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இருப்பார்கள். ராமாயணத்துக்கு நடுவில் புகுந்து ஊர்க்கதை பேசும் இரண்டு பேர். எந்தக் கலையிலும் ராஜாவுக்குப் பக்கத்தில் நின்று வாயடிக்கும் ஓர் ஆளைத் தேடுங்கள்.

கடைசியாக அரிதாரம். முகத்துக்குப் பூசும் முன்பு தேங்காய் எண்ணெய் தடவுங்கள், முந்தின நாளே மணிக்கட்டில் கொஞ்சம் தடவிப் பார்த்து அரிப்பு வருகிறதா என்று கவனியுங்கள். கடையில் விற்கிற சுவர் வண்ணம், ஓவிய வண்ணம் எதையும் தோலில் போடக்கூடாது. கலைக்கவும் எண்ணெய்தான், சோப்புப் போட்டுத் தேய்த்தால் எரியும். பழைய சட்டை கொண்டுவரச் சொல்லிப் பெற்றோருக்கு முன்பே தெரிவித்துவிடுங்கள். நான் சொல்ல மறந்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் முப்பது சீருடைக் காலரிலும் துரியோதனன் சிவப்பு.